நேற்றைய கோப்பு எங்கே போனது? பேக்கப் கட்டளைகளின் சிறு வரலாறு

இரண்டு வருடங்களுக்கு முன்னர், நாங்கள் சேகரித்த நாற்பது ஒலிப்பதிவுகளை ஒரே கட்டளையால் நாங்களே அழித்தோம். இடம்பெயர்ந்த காலத்தைப் பற்றி ஊரிலிருக்கிற அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் கதைத்த பதிவுகள் அவை. பேக்கப் எடுக்கவில்லையா எண்டு கேட்பீர்கள். எடுத்தோம். அழித்ததே பேக்கப் எடுக்கிற கட்டளைதான். அது எப்படி நடந்தது எண்டு விளங்க, கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டியிருக்கிறது.

1979 ஜனவரியில் பெல் ஆய்வுகூடத்திலிருந்து யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. அதில் 'டார்' எண்டொரு கட்டளை இருந்தது. 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம். டேப் எண்டால் காந்த நாடா. அந்த நாடாவைக் கண்ணாலும் காணாத எங்களுடைய கணினிக்குள் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. லினக்ஸில் ஒரு வரி மட்டும் உள்ள கோப்பை டாரில் கட்டிப் பாருங்கள், 10,240 பைட் வரும். 512 பைட் துண்டுகள் இருபதைச் சேர்த்து நாடாவில் ஒரே தடவையில் எழுதிய பழக்கம் அது. நாடா போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

டாரோடு 'டம்ப்' எண்ட இன்னொரு கட்டளையும் இருந்தது. அதற்கு 0 முதல் 9 வரை படிகள். 0 எண்டால் முழுவதும் எழுதும். 1 எண்டால் அந்த 0-க்குப் பிறகு மாறியதை மட்டும் எழுதும். இயக்குநர்கள் நாடாக்களில் திகதி எழுதி அலுமாரியில் அடுக்கினார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒருவர் எல்லாவற்றையும் குழப்பினாலும், திங்கட்கிழமை அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

பிறகு வலையமைப்புக் காலம் வந்தது. தொலைவிலிருக்கிற இன்னொரு கணினிக்கு அனுப்புவதெண்டால், மெதுவான இணைப்பில் முழுக் கோப்பையும் ஒவ்வொரு நாளும் தள்ள ஏலாது. 1996-இல் கன்பராவில், அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்திலிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கராஸும் இதற்கொரு வழி கண்டார்கள். அதுதான் 'ஆர்சிங்க்'. (விண்டோஸோடு கோப்புப் பகிரும் சாம்பாவைத் தொடங்கியவரும் இதே ட்ரிட்ஜெல்தான்.)

அவர்களின் யோசனை எங்களுக்கு இன்னும் வியப்புத்தான். பழைய கோப்பு ஒரு பக்கம், புதியது மறுபக்கம். இரண்டையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட வசதியில்லை. எனவே பழையதை வைத்திருப்பவர் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள இலக்கம் கணித்து, இலக்கங்களை மட்டும் அனுப்புவார். மற்றவர் தன் புதிய கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து அதே இலக்கம் வருகிறதா எண்டு தேடுவார். ஒவ்வொரு நகர்வுக்கும் முதலிலிருந்து கணக்குப் பார்த்தால் விடிந்துவிடும். ஆனால் பஸ் வரிசையில் நிற்கிற பத்துப் பேரின் மொத்த வயது தெரிந்திருக்கும்போது, முன்னால் ஒருவர் ஏறிப் பின்னால் ஒருவர் சேர்ந்தால், ஒருவரைக் கழித்து ஒருவரைக் கூட்டினால் போதும்தானே? அந்த இலகுவான இலக்கம் பொருந்தும் இடத்தில் மட்டும், இன்னொரு கடுமையான இலக்கத்தால் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். பொருந்தாத பகுதி மட்டும் கம்பியில் போகும்.

ஆனால் ஆர்சிங்கின் வேலை இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்குவது. அலுமாரி வைப்பதல்ல. 'டிலீட்' எண்டு ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், மூலத்தில் இல்லாதது பிரதியிலும் இருக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான். மூலப் பதிவுகள் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் சரியாகப் பொருந்தவில்லை. அது திறக்கவேண்டிய கோப்புறை வெறுமையாக இருந்தது. ஆர்சிங்க் வெறுமையைப் பார்த்தது, பிரதியையும் வெறுமையாக்கியது. அடுத்த நாள் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி இன்னொரு கணினியில் போட்டோம். அது திறக்கவேயில்லை. பழுது கேபிளில் மட்டும் இல்லை எண்டு அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் குறை பலருக்கும் முன்னமே தெரிந்திருந்தது. ஆர்சிங்கிலேயே 'லிங்க்-டெஸ்ட்' எண்டொரு தெரிவு இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை வரும். மாறாத கோப்புகள் முந்தைய நாளின் அதே கோப்பையே சுட்டி நிற்பதால் மேலதிக இடம் எடுக்காது. நாடா அலுமாரி வேறு உருவில் திரும்பி வந்தது எண்டு சொல்லலாம். 2015-இல் வெளிவந்த 'போர்க்', 'ரெஸ்டிக்' போன்றவை இன்னும் தூரம் போயின. கோப்புகளை உள்ளடக்கத்தைப் பார்த்துத் துண்டாக்கி, ஒரே துண்டை ஒரேயொரு தடவை மட்டும் வைக்கின்றன. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்த நாளின் முழுத் தோற்றமும் பதிவாகும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். கடவுச்சொல்லை மறந்தால் முடிந்தது, யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

நல்ல கருவி இருந்தாலும் விழலாம் என்பதற்கு கிட்லாப் நிறுவனம் சாட்சி. 2017 ஜனவரி 31 அன்று அவர்களின் பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியபோதுதான் நிறுத்தினார். ஐந்து காப்பு முறைகள் இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலைசெய்யவில்லை. தினசரிப் பிரதி எடுக்கிற கட்டளையின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவிக்கிற மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் அதே ஆள் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதனால்தான் எங்களுக்கும் தெரியும்.

எங்கள் நாற்பதில் முப்பத்தொன்று கிடைத்தது. பதிவுசெய்த தோழி ஒருவர் தன்னுடைய போனிலிருந்து அழிக்க மறந்திருந்தார். மற்ற ஒன்பதில் இரண்டுபேர் இப்போது உயிரோடு இல்லை. மிச்ச ஏழு பேரிடம் திரும்பப் போனோம். சிலர் கதைத்தார்கள், ஒரு ஆச்சி "போன முறை எல்லாம் சொல்லிப்போட்டன் பிள்ளையள்" எண்டு தேத்தண்ணி மட்டும் தந்து அனுப்பினா.

இப்போது ரெஸ்டிக் பாவிக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களில் ஒருவர் ஏதாவதொரு பதிவைப் பிரதியிலிருந்து மீட்டெடுத்து முழுதாகக் கேட்கவேண்டும். போன மாதம் வந்தது நாற்பத்தெட்டு நிமிடப் பதிவு. பாதிக்கு மேல் பின்னால் ஒரு சேவல் கூவிக்கொண்டிருக்கிறது.