மீயுயவு: உராய்வற்ற நிலையைத் தேடிய வரலாறு

ஒன்றன்மீது ஒன்று சறுக்கும் இரு பரப்புகளுக்கிடையே உராய்வு ஏறத்தாழ மறைந்துவிடும் நிலை மீயுயவு எனப்படும். உராய்வு விசையை, பரப்புகளை அழுத்தும் விசையால் வகுக்கக் கிடைப்பது உராய்வுக் குணகம். அது 0.01-க்குக் கீழே இறங்கினால் அந்நிலையை மீயுயவு என்பது ஆய்வாளர் வழக்கம். எண்ணெயிடாத எஃகின்மீது எஃகு சறுக்கும்போது இது 0.5-க்கு மேல் இருக்கும். மீகடத்துத்திறனை நினைவூட்டும் இப்பெயர் சற்று மிகையானதே. மீகடத்தியில் மின்தடை உண்மையிலேயே சுழியாகிறது. மீயுயவில் உராய்வு மிகச் சிறிதாகிறது, சுழியாவதில்லை.

உராய்வு விதிகளை முதலில் கண்டவர் லியொனார்டோ டா வின்சி. அவருடைய குறிப்புகள் வெளிவராமல் கிடந்தமையால், 1699-இல் பிரான்சின் அமோந்தோன் அவற்றை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. 1785-இல் கூலும் விரிவான சோதனைகளை வெளியிட்டார். பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சிக்குவதே உராய்வு என்பது அக்கால விளக்கம். அது முழு உண்மையானால் மெருகேற்ற மெருகேற்ற உராய்வு குறைந்துகொண்டே போக வேண்டும். ஆனால் தூய்மையான, வழவழப்பான இரு உலோகப் பரப்புகள் வெற்றிடத்தில் ஒட்டிக்கொண்டே விடுகின்றன. ஆகவே கேள்வி அணுக்களின் மட்டத்துக்கு இறங்கியது.

1990-இல் ஜப்பானிய ஆய்வாளர்களான மோட்டோஹிசா ஹிரானோவும் கசுமாசா ஷின்ஜோவும் கணக்கிட்டுச் சொன்ன விடை வியப்பானது. இட்லித் தட்டுகளை அடுக்குவதை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். குழிக்கு நேராகக் குழி அமைந்தால் மேல்தட்டு கீழ்த்தட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சற்றுத் திருப்பி வைத்தால் உட்காராது. படிகப் பரப்புகளும் அவ்வாறே. இரண்டின் அணு வரிசைகளும் பொருந்தாத கோணத்தில் இருந்தால், ஓர் அணுவைப் பின்னிழுக்கும் விசையை இன்னோர் அணுவை முன்தள்ளும் விசை ஈடுசெய்துவிடும். தடை அனேகமாக மிஞ்சாது.

1993-இல் பிரான்சின் லியோன் நகரில் மார்த்தன் குழுவினர் மாலிப்டினம் டைசல்பைடு பூச்சினை மிகை வெற்றிடத்தில் தேய்த்து, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான குணகத்தைப் பெற்றனர். கோணம்தான் காரணம் என்பதற்கு நேரடிச் சான்று 2004-இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. டீன்வீபல், ஃபிரெங்கன் முதலியோர் டங்ஸ்டன் ஊசிமுனையை கிராஃபைட்டின்மேல் இழுத்து, கீழிருந்த பரப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பினர். ஊசிமுனையில் ஒட்டியிருந்த சிறு கிராஃபைட்டுச் செதிலே உண்மையில் சறுக்கியது. 60 பாகை இடைவெளியில் இருமுறை உராய்வு உயர்ந்தது. இடையே அளவிட இயலாத அளவுக்கு வீழ்ந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சறுக்கும் செதில் தானாகவே திரும்பி, பொருந்தும் கோணத்தில் பூட்டிக்கொள்ளும் என்பதை அதே ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினர். பரப்பு பெரிதானால் ஓரங்கள், படிகக் குறைபாடுகள், தூசு எனத் தொல்லைகளும் கூடும். 2012-இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் செங் சுவான்ஷுய் குழுவினர் மைக்ரோமீட்டர் அளவுள்ள கிராஃபைட்டுத் துண்டுகளில் மீயுயவைக் கண்டனர். அங்கே மேலடுக்கைத் தள்ளிவிட்டால் தானே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. 2018-இல் கிராஃபைட்டையும் போரான் நைட்ரைடையும் இணையாக்கினர். இரண்டின் அணு இடைவெளிகளும் சுமார் 1.8 விழுக்காடு வேறுபடுவதால் எந்தக் கோணத்திலும் முழுப் பூட்டு விழாது. ஆயினும் மைக்ரோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. இயந்திரத் தாங்கிகளோ மில்லிமீட்டரிலும் சென்டிமீட்டரிலும் அமைந்தவை.

இந்த இடைவெளியைத் தாண்டுவதில் பெரும் பயன் உண்டு. ஹோம்பெர்க், எர்டெமிர் ஆகியோரின் 2017-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, உலகில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது.

2015-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் வேறு வழியில் சென்றது. பெரிய பரப்பு முழுவதையும் குறையற்றதாக்க அங்கே முயலவில்லை. கிராஃபீன் ஏடுகளுடன் நானோ அளவு வைரத் துகள்களைத் தூவி, அவற்றின்மேல் வைரம் போன்ற கார்பன் பூச்சிட்ட உருண்டையைச் சறுக்க விட்டனர். சறுக்கும்போது கிராஃபீன் ஏடுகள் வைரத் துகள்களைப் பாய்போல் சுருட்டிக்கொண்டன. அச்சுருள்களின் அணு வரிசையும் கார்பன் பூச்சின் ஒழுங்கற்ற அமைப்பும் பொருந்துவதில்லை. இப்படி எண்ணற்ற நுண்தொடுகைகளில் ஒவ்வொன்றும் மீயுயவு நிலையில் இருந்தமையால், கண்ணால் காணத்தக்க பரப்பிலேயே குணகம் சுமார் 0.004 ஆயிற்று. ஆய்வகத்தின் மீரா மீக்கணினியில் செய்த உருவகப்படுத்தல்கள் சுருளும் விதத்தை விளக்கின. ஒரு பெரிய சிக்கலைப் பல சிறு சிக்கல்களாகப் பிரித்த இந்த உத்தியே இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் எனலாம்.

ஆனால் அச்சோதனை நடந்தது உலர்ந்த நைட்ரஜனில். ஈரக்காற்றில் நீர்மூலக்கூறுகள் கிராஃபீனில் படிந்து அது சுருள்வதைத் தடுக்கின்றன. உராய்வும் குறையாமல் நிற்கிறது. மாலிப்டினம் டைசல்பைடுக்கும் ஈரம் ஆகாது. விண்கலக் கருவிகளில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது அங்கே வெற்றிடம் இருப்பதால்தான். காற்றுப் புகாமல் மூடிய பொறிகளுக்கு ஆர்கான் முறை பொருந்தும். திறந்த வெளியில், மழையிலும் வியர்வையிலும் ஓடும் சைக்கிள் சங்கிலிக்கு இன்றும் எண்ணெய்தான்.