தோலொட்டு மின்னணுக் கருவிகள்

தோலொட்டு மின்னணுக் கருவிகள் என்பவை மேல்தோலின் மீது படிந்து இதயத்துடிப்பு, தசையசைவு, வெப்பநிலை முதலியவற்றை அளக்கும் மெல்லிய, வளையும் மின்சுற்றுகள் ஆகும். இவற்றின் வரலாற்றில் மின்சாரத்தை விடப் பசையே பெரிய சிக்கலாக இருந்து வந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் இதய மின்னலைகளைப் பதிவு செய்தபோது எதையும் ஒட்டவில்லை. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தியபடி உட்கார்ந்திருந்தார். கூழ் தடவிய ஒட்டுவில்லைகள் பின்னர் வந்தவை.

ஒட்டுவதன் சிரமத்தை லாஸ்பேட்டை போன்ற புதுச்சேரிக் கடலோரப் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலின் வியர்வையில் ஸ்டிக்கர் பொட்டே நழுவிவிடும். பசை தோலைக் கெடுப்பதும் உண்டு. பொட்டு வைத்த இடத்தில் அதே வடிவில் வெண்திட்டு விழுவதற்குப் பசையிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் வேதிப்பொருள் காரணம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் 1990இல் எழுதினர்.

சிலிக்கான் இன்னொரு தடை. தோல் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீளும். சிலிக்கானோ 1 விழுக்காடு நீண்டாலே உடையும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ், யொங்காங் ஹுவாங் குழுவினர் 2006இல் இதற்கு வழி கண்டனர். இழுத்துப் பிடித்த ரப்பரின் மேல் மெல்லிய சிலிக்கான் இழைகளைப் பதித்து ரப்பரைத் தளர்த்தினர். இழைகள் அலையலையாய் மடிந்தன; மீண்டும் இழுத்தால் அலை விரிந்ததே தவிர, இழை உடையவில்லை.

2011இல் அக்குழு வெளியிட்ட கருவி தோலைப் போலவே மென்மையானது. பாம்பு நெளிவான கம்பிகள் கொண்ட சுற்றை, நீரில் கரையும் தாளில் வைத்துத் தோலில் அழுத்தி நனைத்தால் தாள் கரைந்துவிடும். சிறுவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் பச்சைப்படம் போலத்தான். பசையே இல்லாமல், மூலக்கூறுகளுக்கிடையிலான வான் டெர் வால்ஸ் விசையாலேயே அது தங்கியது. பல்லி சுவரில் ஊர்வதற்கும் பெரிதும் துணை நிற்பது இவ்விசையே. கருவி தடிமனாகவும் விறைப்பாகவும் இருந்தால் தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாது. இவ்வளவு சிறிய விசை அதைத் தாங்கவும் போதாது.

வியர்வை வெளியேற வழி இல்லாத குறை மட்டும் நீடித்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டகாவோ சோமேயா குழு 2017இல் காற்றுப் புகும் தங்க நுண்வலையை உருவாக்கியது. ஒரு வாரம் அணிந்து பார்த்த சோதனையில் தோல் அழற்சி ஏற்படவில்லை.

இந்த ஆய்வுகளின் பயன் மிகுதியாகத் தேவைப்படுவோர் குறைமாதக் குழந்தைகள். அவர்களுடைய தோல் முழு வளர்ச்சி பெறாதது. ஒட்டுநாடாவை உரிக்கையில் தோலும் சேர்ந்து கிழிந்து, தழும்பு நிலைத்துவிடுவதுண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ரோஜர்ஸின் குழு 2019இல் மார்புக்கு ஒன்றும் பாதத்துக்கு ஒன்றுமாகக் கம்பியில்லா உணரிகளை வெளியிட்டது. கம்பிகள் போனபின் தாய் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ள முடிந்தது.