புனேயில் வீடு கைமாறுதல்

புனேயில் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்த நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடுவது வழக்கம். பழைய பேட்டைகளில் ஆண்டுகளே ஓடும். பத்திரப்பதிவு இதற்குக் காரணமல்ல. ஹவேலி என்ற வட்டத்தின் பெயரால் எண்ணிட்டு அழைக்கப்படும் சார்பதிவாளர் அலுவலகங்களில் நிழற்படமும் கைரேகையும் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். விற்பவருக்கு விற்க உரிமை உண்டா என்று நிறுவுவதுதான் காலத்தைத் தின்கிறது.

மகாராஷ்டிரத்தின் பதிவுத்துறைத் தலைமை அலுவலகமும் நில ஆவண இயக்குநரகமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. இருந்தும் ஒரு வீட்டின் கதை ஒரே மேசையில் கிடைப்பதில்லை. விளைநிலமாக இருந்த மனைக்கு ‘சாத்பாரா’ உண்டு. கிராமக் கணக்கின் 7ஆம் 12ஆம் படிவங்கள் சேர்ந்த ஏடு அது. நம்மூர்ச் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்தது என்று கொள்ளலாம். நகர அளவைக்குள் வந்த மனைக்குச் சொத்து அட்டை. பதிவான ஒவ்வொரு பத்திரத்துக்கும் ‘இண்டெக்ஸ் டூ’ என்ற சுருக்கம். வரிக் கணக்கு மாநகராட்சியில், பங்குச் சான்று வீட்டுவசதிச் சங்கத்தில். வாங்குபவரின் வழக்கறிஞர் பொதுவாக 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடி அறிக்கை எழுதுவார். பிறகு செய்தித்தாளில் ‘ஜாஹீர் நோட்டீஸ்’ வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று ஓரிரு வாரம் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போய் வீடு வாங்குபவர் தடுமாறும் இடம் வேறு. இங்கே அடுக்ககம் வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் வாங்குபவர் பெயருக்கே கிரயமாகும். புனேயில் பெரும்பாலும் வீடு மட்டும் வாங்குபவருக்கு. நிலமும் கட்டடமும் பின்னர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாற வேண்டும். இதற்குக் ‘கன்வேயன்ஸ்’ என்று பெயர். 1963ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தின் விதிகள், சங்கம் பதிவான 4 மாதத்துக்குள் இதை முடிக்கச் சொல்கின்றன. முடிக்காத கட்டுநர்கள் ஏராளம். நிலம் தம் பெயரில் இருக்கும்வரை, பின்னாளில் கூடும் கட்டுபரப்பு உரிமையும் தம்மிடமே இருக்கும் என்பதுதான் கணக்கு. கட்டுநர் கையெழுத்திட மறுத்தாலும் சங்கம் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் முறையிட்டு நிலத்தைப் பெற 2008ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆனாலும் நிலம் முதல் விவசாயியின் பெயரிலேயே கிடக்கும் கட்டடங்கள் இன்னும் உண்டு. 1970ஆம் ஆண்டின் ‘அபார்ட்மெண்ட்’ சட்டப்படி அமைந்த குடியிருப்புகளில் நிலத்தின் பங்கு வீட்டோடு சேர்ந்தே போகும். அதனால்தான் விவரம் தெரிந்த தரகர் எடுத்தவுடன் ‘சொசைட்டியா, அபார்ட்மெண்டா?’ என்று கேட்கிறார்.

கஸ்பா, சதாசிவ், நாராயண் பேட்டைகளின் வாடாக்களில் சிக்கல் வேறு வகை. முற்றம் வைத்த பெரிய வீடு. தாத்தா பெயரில் பத்திரம். வாரிசுகள் பல ஊர்களில். மகன் வழியினர் ஒப்பினால் போதும் என்ற காலம் போய்விட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலும் மகாராஷ்டிரத்தில் 1994இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்தது. எனவே அத்தைகளும் அக்காக்களும் ‘ஹக்கசோட்’ என்ற விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அவர்கள் யோசிப்பதைத் தாமதம் என்று சொல்வது நியாயமில்லை. வாரிசுகள் ஒன்றுபட்டாலும் அறைக்கொருவராய்ப் பழைய வாடகைதாரர் இருப்பார். 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்குத் துணை.

நிலத்தின் பழைய நிபந்தனைகளும் குறுக்கே வரும். 1961 ஜூலை 12இல் பான்ஷெத் அணை உடைந்து நகரம் மூழ்கியபின் வீடிழந்தோருக்கு அரசு ஒதுக்கிய நிலங்களில் பலவற்றைக் கைமாற்ற அரசின் அனுமதி தேவைப்பட்டது. 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை மகாராஷ்டிரம் 2007இல் கைவிட்டது. ஆனால் அதன்கீழ் விலக்குப் பெற்ற நிலங்களின் நிபந்தனைகள் உயிரோடிருப்பதாக 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செத்த சட்டம் சாத்பாராவில் ஒரு வரியாக வாழ்ந்தது.

பணம் கைமாறுவதிலும் நாள் போகும். விற்பவருக்கு வீட்டுக்கடன் இருந்தால் மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். கடன் தீர்ந்த 30 நாளில் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், கணினித் துறை பெருகிய புனேயில் இது அபூர்வமல்ல, தூதரகச் சான்றுடன் அதிகாரப் பத்திரமும், குறைந்த வரிப்பிடித்தத்துக்கான சான்றிதழும் வர வேண்டும். உள்ளூர்க்காரர் விற்பதானால், விலை 50 லட்சம் ரூபாயைத் தொட்டால் 1 விழுக்காட்டைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவதோடு சரி.

நாள் பார்ப்பதும் உண்டு. நாம் ஆடியில் குடிபோகாததுபோல, அங்கே பித்ருபட்ச நாட்களில் பலரும் ‘விசார்’ என்ற முன்பணம்கூடக் கொடுப்பதில்லை. குடிபாட்வா, அட்சய திருதியை, தசரா ஆகிய மூன்றும், தீபாவளிப் பாட்வா என்ற அரையும் சேர்ந்த மூன்றரை முகூர்த்தங்களுக்குக் காத்திருப்பவர்கள் பலர்.

பதிவு முடிந்தபின் சாத்பாராவில் பெயர் மாற ‘ஃபேர்ஃபார்’ பதிய வேண்டும். அதற்குத் தலாட்டி எனப்படும் கிராம வருவாய் அலுவலர் 15 நாள் ஆட்சேப அறிவிப்பு கொடுப்பார். அந்த 15 நாளுக்குப் பிறகே வாங்கியவர் பெயர் ஏட்டில் உறுதியாகும்.