‘நீரில்லா ஆறு’: வேலூர் வழக்குத்தொடரும் ஆய்வுத் தலைப்பும்

தமிழ் ஆய்வேடுகள் நெடுங்காலம் ‘ஓர் ஆய்வு’ என்னும் வாலோடு வெளிவந்தன. மக்கள் நாவில் புழங்கும் தொடரை முன்னிறுத்தி, முக்காற்புள்ளிக்குப் பின் பொருளைச் சுட்டும் முறை இன்று பரவியுள்ளது. குடியாத்தத்தில் பிறந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) இவ்வகைத் தலைப்புக்கு நல்ல சான்று. அங்குத் தொடர் வெறும் அலங்காரமன்று. அதனுள் உறையும் பண்பாட்டுக் கலக்கமே ஆய்வுக்குரியதாகிறது.

வடார்க்காட்டு வரலாற்றை எழுதுவோர்க்குக் கைக்கெட்டும் தொடர், ‘நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்பது. (பெண்களைப் பற்றிய அதன் மற்றோர் உறுப்பு மேற்கோளுக்கும் தகாதது.) இதனை அப்படியே தலைப்பாக்குவதில் இடருண்டு. கோட்டைக்குள் அரசர் இல்லாமலில்லை, சிறைப்பட்டு இருந்தனர். 1799க்குப் பின் திப்புவின் குடும்பத்தினரும், 1816 முதல் 1832இல் இறக்கும்வரை கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனும் வேலூரில் வைக்கப்பட்டிருந்தனர். சலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. அதன்பின்னும் தொடர் மாறவில்லை.

ஆற்றைப் பற்றிய உறுப்பே மிகுதியாக மயக்குவது. பாலாற்றின் வளம் மேற்பரப்பில் அன்று, மணலுக்கு அடியில் இருந்தது. படுகையில் வெட்டிய ஊற்றுக்கால்கள் ஏரிகளையும் கழனிகளையும் ஊட்டின. மணல் வறண்டிருந்த மாதங்களிலும் கிணறுகள் சுரந்தன. ஆகவே, ‘நீரில்லா ஆறு’ என்று தொடங்கும் ஆய்வு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு எதைக் கெடுத்தது என்பதைத் தலைப்பிலேயே மறைத்துவிடுகிறது. இல்லாத நீரை எவரும் கெடுக்க முடியாதன்றோ? மேலும், மழைக்குறைவு, சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் செய்த ஒப்பந்தத்தையும் மீறித் தொடர்ந்த மேலணைப் பூசல், மணற்கொள்ளை, தோல் கழிவு ஆகிய வெவ்வேறு காரணங்கள் ஒரே பெயரடைக்குள் கரைந்துபோகின்றன.

வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பு வேறு வழி சென்றது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப்போனதென்னும் கணக்கை அது எடுத்தாண்டது. ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்க’ என்னும் நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் கூறியது. அதுவும் இப்போது ஆய்வுத் தலைப்புகளில் புழங்கும் தொடரே. ஆயினும் அதில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ‘நீரில்லா ஆறு’ என்பதில் எவரும் இல்லை.