தப்பான டிரெஸ்ஸுக்கு தகுதி நீக்கம்... 24 புள்ளி முன்னிலை 6 ஆனது! 2023 ஸ்பீட்வே கிராண்ட் பிரியில் நடந்தது என்ன?

பைக்கில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு ஆபத்தான ஒரு பந்தயத்தில், உலக சாம்பியன் பட்டம் கைநழுவிப் போகும் நிலைக்கு ஒரு வீரரைக் கொண்டுபோய் நிறுத்தியது விபத்தும் இல்லை, இன்ஜின் கோளாறும் இல்லை. அவர் போட்டிருந்த உடை!

2023ஆம் ஆண்டு ஸ்பீட்வே கிராண்ட் பிரி சீசனில்தான் இது நடந்தது. சிக்கியவர், அதற்கு முன்பே மூன்று முறை உலக சாம்பியனான போலந்து வீரர் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்.

ஸ்பீட்வே என்றால் என்ன?

மோட்டோ ஜிபி பார்த்துப் பழகியவர்களுக்கு ஸ்பீட்வே கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும். தார் ரோடு இல்லை, மண் டிராக். நீள்வட்ட வடிவம். ஒரு நேரத்தில் நாலே பேர், நாலே சுற்று. ஒரு பந்தயம் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் குடிக்கத் திரும்பினால் பாதிப் பந்தயம் போய்விடும்!

பைக் 500 சிசி, ஒற்றை சிலிண்டர். எரிபொருள் பெட்ரோல் இல்லை, மெத்தனால். வளைவில் வேகத்தைக் குறைக்க பிரேக் இல்லாததால், பின் சக்கரத்தை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்க விடுகிறார்கள். எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும் என்பதால் இடது காலில் இரும்பு அடிப்பாகம் கொண்ட ஷூ. அந்தக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டேதான் வளைகிறார்கள். யார் எவர் என்று தெரிவதற்காக ஹெல்மெட்டில் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் நிற உறைகள்.

1936ல் லண்டன் வெம்ப்லியில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. நீண்ட காலம் ஒரே இரவில் நடக்கும் இறுதிப் போட்டிதான் சாம்பியனை முடிவு செய்தது. 1995 முதல் பல நாடுகளில் பல சுற்றுகளாக நடக்கும் கிராண்ட் பிரி தொடராக மாறியது.

புள்ளிக் கணக்கு எப்படி?

இதைப் புரிந்துகொண்டால்தான் 2023 கதையின் சூடு தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் 16 பேர். அதில் 15 பேர் சீசன் முழுக்க ஓட்டும் நிரந்தர வீரர்கள், ஒருவர் வைல்டு கார்டு. முதலில் 20 குட்டிப் பந்தயங்கள். வென்றால் 3, இரண்டாமிடம் 2, மூன்றாமிடம் 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. 2023ல் அதிகம் எடுத்த 8 பேர் அரையிறுதிக்குப் போனார்கள், அங்கிருந்து நாலு பேர் இறுதிக்கு.

ஆனால் சாம்பியன்ஷிப் பட்டியலுக்குக் கணக்கு வேறு. 2020ல் வந்த முறைப்படி இறுதியில் ஜெயித்தவருக்கு 20 புள்ளி, அடுத்தவர்களுக்கு 18, 16, 14. ஐந்தாமிடத்துக்கு 12, அதற்குக் கீழே ஒவ்வொன்றாகக் குறைந்து 16ஆம் இடத்துக்கு 1. அதாவது எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் ஏதாவது கிடைத்துவிடும். பூஜ்ஜியம் வாங்குவதுதான் கஷ்டம்.

ஸ்மார்ஸ்லிக் வாங்கியது அந்தப் பூஜ்ஜியத்தைத்தான்.

24 புள்ளி முன்னிலை... அப்புறம்?

2023 சீசனில் மொத்தம் 10 சுற்றுகள். ஏப்ரல் 29ல் குரோஷியாவின் கொரிச்சானில் தொடக்கம். பிறகு வார்சா, ப்ராக், ஜெர்மனியின் டெட்டெரோவ், போலந்தின் கோர்சூவ், ஸ்வீடனின் மாலிலா, லாட்வியாவின் ரிகா, வேல்ஸின் கார்டிஃப். இதில் வார்சாவும் கார்டிஃபும் பெரிய ஸ்டேடியங்கள். அங்கே பந்தயத்துக்காகவே மண்ணைக் கொட்டித் தற்காலிக டிராக் போட்டார்கள்.

2021 சாம்பியனான ரஷ்யாவின் ஆர்ட்டெம் லகூட்டா இந்த சீசனில் இல்லை. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022லிருந்தே ரஷ்ய வீரர்களுக்குத் தடை.

8 சுற்றுகள் முடிந்தபோது ஸ்மார்ஸ்லிக் 24 புள்ளி முன்னிலையில் இருந்தார். இரண்டாமிடத்தில் ஸ்வீடனின் ஃப்ரெட்ரிக் லிண்ட்கிரென். சுவாரஸ்யம் என்னவென்றால், அதே ஆண்டு போலந்து லீக்கில் இவர்கள் இருவரும் ஒரே கிளப். லூப்ளின் நகர அணிக்காகத் தோளோடு தோள் நின்று ஓட்டியவர்கள். மீதமிருந்தது இரண்டே சுற்று. ஒன்பதாவது சுற்றிலேயே பட்டத்தை உறுதி செய்ய ஸ்மார்ஸ்லிக்குக்கு வாய்ப்பு இருந்தது.

அந்த ஒன்பதாவது சுற்று செப்டம்பர் 16ல் டென்மார்க்கின் வோயென்ஸில் நடந்தது. பந்தயத்துக்கு முன் தகுதிச் சுற்று நடக்கும். பெயரைப் பார்த்து இதில் தோற்றால் வெளியே என்று நினைக்க வேண்டாம். எந்த ஸ்டார்ட் நம்பரில் ஓட்டுவது என்று யார் முதலில் தேர்ந்தெடுப்பது? அதை முடிவு செய்யத்தான் இந்த நேரக் கணக்கு. அப்போது அதற்குச் சாம்பியன்ஷிப் புள்ளியே கிடையாது.

அந்தச் சுற்றில் ஸ்மார்ஸ்லிக் போட்டுக்கொண்டு வந்தது, தொடருக்காக அனுமதிக்கப்பட்ட ரேஸ் சூட் இல்லை. வேறொன்று. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதியில் இதற்கு இடமில்லை. முதல் பந்தயம் தொடங்கும் முன்பே மொத்தச் சுற்றிலிருந்தும் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

இது சரியா என்று ஸ்பீட்வே உலகமே இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்த உடையால் பைக் ஒரு நொடி கூட வேகமாக ஓடப்போவதில்லை. ஓர் அபராதத்தோடு முடித்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் விதி புத்தகத்தில் எழுதியிருக்கும்போது, பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் 15ஆவது இடத்தில் இருப்பவர் கேட்க மாட்டாரா? தண்டனை பெரிசுதான். ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

ஸ்மார்ஸ்லிக் இல்லாத வோயென்ஸில் லிண்ட்கிரென் 18 புள்ளிகளை அள்ளினார். 24 இருந்த இடத்தில் வெறும் 6!

டோருனில் கடைசி இரவு

செப்டம்பர் 30, போலந்தின் டோருன். ஸ்மார்ஸ்லிக்குக்குச் சொந்த நாடு, சொந்த ரசிகர்கள். ஆனால் கணக்கு பயமுறுத்தியது. லிண்ட்கிரென் ஜெயித்து 20 எடுத்தால், ஸ்மார்ஸ்லிக் குறைந்தது மூன்றாமிடம் பிடித்தாக வேண்டும். நாலாமிடம் என்றால் இருவரும் சமம். அரையிறுதியில் தடுக்கி விழுந்தால் 12 தான், பட்டம் போச்சு! ஒரு வளைவில் சக்கரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலே அது நடக்கலாம்.

நடக்கவில்லை. முன்னிலையை விட்டுக்கொடுக்காமல் ஸ்மார்ஸ்லிக் நாலாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். லிண்ட்கிரெனுக்கு வெள்ளி, ஸ்லோவாகியாவின் மார்ட்டின் வாட்சுலிக்குக்கு வெண்கலம்.

2024, 2025லும் ஸ்மார்ஸ்லிக்கே ஜெயித்தார். அதிலும் 2025ல் ஆஸ்திரேலியாவின் பிராடி கர்ட்ஸை முந்தியது ஒரே ஒரு புள்ளியில்! பட்டத்தை முடிவு செய்த அந்தக் கடைசிச் சுற்று நடந்த இடம், இரண்டு வருஷத்துக்கு முன் அவரை வெளியே அனுப்பிய அதே வோயென்ஸ். 2019, 2020, 2022, 2023 பட்டங்களோடு சேர்த்து மொத்தம் ஆறு. நியூசிலாந்தின் ஐவன் மாகர், ஸ்வீடனின் டோனி ரிக்கர்ட்சன் இருவரின் சாதனையை இப்படித்தான் சமன் செய்தார்.

லிண்ட்கிரென் 2018லும் 2020லும் வெண்கலம் வாங்கியவர், 2024ல் மறுபடியும் வெண்கலம். தங்கத்துக்கு அவர் மிக அருகில் வந்தது 2023ல்தான்.