பாம்புக்குப் போர்த்திய கம்பளி

விவேக் நகருக்குக் குடிவரும் நம்மவர்கள் முதல் டிசம்பரிலேயே ஒரு குரங்குக் குல்லாய் வாங்கிவிடுவார்கள். நெல்லை, மதுரை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஜனவரி விடிகாலையின் 15 டிகிரியே ஊட்டி மாதிரிதான். (1884 ஜனவரி 13 அன்று பெங்களூரில் 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. அன்றைக்கு இங்கே இருந்த தமிழர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது!)

எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரிப் பையன் 'பால் பைத்தான்' என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வளர்க்கிறான். போன குளிர்காலத்தில் அது மூன்று வாரமாக எலியைத் தொடவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் கவலை. "அண்ணா, கம்பளி போர்த்தினால் சரியாகுமா?" என்று என்னிடம் கேட்டான். கேலி செய்யத் தோன்றும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய மிருகக்காட்சிசாலைகளே அதைத்தான் செய்தன.

உலகின் முதல் ஊர்வன இல்லம் லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-ல் திறந்தது. வெப்ப நாட்டுப் பாம்புகளுக்குக் கம்பளி கொடுத்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்த ஒரு போவா பாம்பு இரையோடு சேர்த்தோ என்னவோ, தன் கம்பளியையே விழுங்கிவிட்டது. பல வாரம் கழித்துத்தான் வெளியே கக்கியது.

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது, அவ்வளவுதான். நம் உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கிறது, அதனால் நமக்குப் பயன்படுகிறது. பாம்பு உடம்பில் அந்த அடுப்பு இல்லை. அறை 16 டிகிரி என்றால், கம்பளிக்குள் சுருண்டிருக்கும் பாம்பும் கொஞ்ச நேரத்தில் 16 டிகிரிதான். தின்றது செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். மூச்சுக்குழாயில் சளி கட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் நம் நாட்டிலிருந்து போன செய்தி. லாமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், இந்திய மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தன் உடல் சூட்டாலேயே அடைகாக்கிறது என்று 1830-களில் சொன்னார். பாரிஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் நம்பவில்லை. குளிர்ந்த ரத்தப் பிராணிக்கு ஏது சூடு? 1841-ல் பாரிஸ் மிருகக்காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வாலான்சியென் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பின் உடம்பு நன்றாகவே சூடாக இருந்தது. தசைகளை விட்டு விட்டுத் துடிக்கவைத்துத்தான் தாய்ப்பாம்பு இந்தச் சூட்டை உண்டாக்குகிறது என்பது நியூயார்க்கில் நடந்த ஆய்வில் 1966-ல் உறுதியானது. அடைகாக்கும் அந்த இரண்டு மாதத் தாய்க்கு மட்டும் கம்பளியில் அர்த்தம் இருக்கிறது. பையனுடைய பாம்புக்கு இல்லை.

சரியான வழியை ஒரு பெண்தான் கட்டிக் காட்டினார். லண்டனில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஜோன் ப்ராக்டர். உடம்புக்கு முடியாமல் பள்ளிக்காலம் முதலே அவதிப்பட்டவர், 34 வயதில் 1931-ல் இறந்துபோனார். அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927-ல் திறந்தது. கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் கொதிக்க வைக்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் தேவையான அளவு மின்சாரச் சூடு கொடுத்தார். அமெரிக்கர்களான கௌல்ஸ், போகர்ட் இருவரும் 1944-ல் இதற்கான காரணத்தை எழுதினார்கள்: பாலைவனத்து ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்து தங்கள் உடல் வெப்பத்தைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. நாம் செய்ய வேண்டியது, நகர்ந்து போக அதற்கு ஓர் இடம் கொடுப்பது.

நம்மூரில் இந்தத் தலைவலியே இல்லை. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பாம்பையும் விரியனையும் மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். சில வாரம் விஷம் எடுத்த பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். கடலோரத்தில் ஜனவரி இரவும் பெங்களூர் அளவுக்குக் குளிராது, பானையே போதும். அதே பானையைத் தூக்கி 900 மீட்டர் உயரத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் கதை வேறு.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஹீட் மேட். தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம், வயிறு வெந்துவிடும். சூடான பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 25, 26. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம், இல்லாவிட்டால் பயத்தில் ஒரே பக்கம் கிடக்கும். (இந்த வகைப் பாம்பு குளிரே இல்லாவிட்டாலும் சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாதவரை பதற வேண்டாம்.)

அவன் அப்பாவிடம் தனியாக ஒன்று கேட்டேன்: "பதிவு செய்துவிட்டீர்களா சார்?" நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை. வெளிநாட்டு இனமான பால் பைத்தானையும் 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த வாரமே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்.

இன்னும் ஒன்று, பவர் கட். ராத்திரி கரண்ட் போனால் பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டைச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் வெளியே ஒட்டி வையுங்கள். பெட்டிக்கு மேலே தாராளமாகக் கம்பளி போர்த்தலாம், காற்றுக்கு இடம் விட்டு. உள்ளே சூடு இருந்தால் கம்பளிக்கும் வேலை உண்டு :-)