நடுகல் (கிருஷ்ணகிரி வட்டாரம்)

ஊருக்காகப் போரிட்டு மடிந்தவரை நினைந்து நடப்பட்ட கல். கிருஷ்ணகிரி மாவட்டமும் அண்டையிலுள்ள தருமபுரியும் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுந்த பகுதிகள். மாடு கவர வந்தோரை எதிர்த்தவர், புலியோடு பொருது இறந்தவர் எனப் பலர் எளிய ஊர்க்காரர்களே. அரசர்க்கு நிகராக அவர்கள் பெயரும் கல்லில் நிலைத்தது இவற்றின் தனிப்பெருமை. பழைய கற்களில் வட்டெழுத்தும், கர்நாடக எல்லையோரம் கன்னடமும் காணப்படுகின்றன. இவ்வட்டாரத்துக்கு வெளியே, செங்கம் அருகே எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் வீரனோடு சேர்த்துப் போற்றுகிறது. அந்த நன்றியுணர்வு வியப்புக்குரியது. பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலிட்டு வணங்கப்படுகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைக் காணலாம்.